ஹால் சீலிங் டைலை நாமளே வெட்டி பெயின்ட் அடிக்கலாமா? யாங்கோன்ல செஞ்சவங்க சொல்லுங்க

தாம்வே பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க தாம்வேல கடைசி மாடில இருக்கோம், மேல தகரக் கூரை, அதுக்குக் கீழ டி-பார் (டைல் உக்கார்ற டி வடிவ மெட்டல் சட்டம்) அடிச்சு ரெண்டடிக்கு ரெண்டடி வெள்ளை டைல் போட்ட சீலிங். டைல்ல குண்டூசி குத்துன மாதிரி பொடிப் பொடி ஓட்டை இருக்கும்ல, அந்த வகை. சமையல்கட்டுல மட்டும் வேற டைல், வழவழன்னு பிளாஸ்டிக் மாதிரி பூப்போட்டது.

இப்ப பிரச்சனை என்னன்னா ஹாலுக்கும் முன் ரூமுக்கும் நடுவுல இருந்த பலகைத் தடுப்பை எடுத்துட்டோம், அதனால அந்த இடத்துல நீளமா ஒரு பட்டை சீலிங் இல்லாம திறந்து கிடக்கு, மேல பாத்தா தகரமும் ஒயரும் தெரியுது. அந்தப் பட்டை ஒரு முனைல 14 இஞ்ச் இருக்கு இன்னொரு முனைல பதிமூன்றரை தான் இருக்கு. முழு டைல் போகாது, வெட்டித்தான் போடணும். அது போக பழைய டைல் நிறைய மஞ்சளாயிடுச்சு, நாலஞ்சு டைல்ல டீ கொட்டின மாதிரி வட்டம் வட்டமா கறை. புது டைல் வாங்கிப் பக்கத்துல வச்சுப் பாத்தா வெள்ளை சேரவே இல்ல, அதனால மொத்தத்துக்கும் பெயின்ட் அடிச்சிரலாம்னு அப்பா சொல்றாங்க. சீலிங் போடற சயா (மேஸ்திரி) ஒருத்தர் வந்து பாத்துட்டு "எதுக்குக் கழட்டணும், ஏணி போட்டுக் கீழ இருந்தே ரோலர் ஓட்டிருவேன், ஒரு நாள் வேலை"ங்கறார். எனக்கு மனசு ஒப்பல.

தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் வீட்லதான், தீபாவளி கழிச்சு. அதுக்குள்ள முடிக்கணும். மழை இன்னும் விடல. கேள்வி இதுதான்: டைலை எதால வெட்டறது, ரம்பமா கத்தியா? எந்த பெயின்ட்? கழட்டாம அடிச்சா என்ன ஆகும்? தம்பிக்கு அடர் நீலம் அடிக்கணும்னு ஆசை, அது சரியா வருமா? ஃபேன் கம்பி வர்ற டைலை எப்படி வெட்டறது? தெரிஞ்ச அண்ணன்மார் அக்காமார் யாராச்சும் விவரமா சொல்லுங்க.

இன்சீன் பெயின்டர்:

வாம்மா. முதல்ல ஒண்ணு கேக்கறேன், அந்தக் கறை வந்த டைலுக்கு மேல தகரத்துல ஆணி ஓட்டை இருக்கான்னு பாத்தீங்களா? பெயின்ட் கேள்விக்குப் பதில் அப்புறம். மழை விடலன்னு நீங்க கவலைப்படறீங்க, ஆனா கறை எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. நல்ல மழை அடிக்கும்போது கறை வந்த டைலைத் தூக்கி ஓரமா வச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. தண்ணி நேரா அந்த இடத்துல விழாது, ஆணி ஓட்டைல நுழைஞ்சு சட்டத்தோட ஓடி ரெண்டு மூணு அடி தள்ளித்தான் சொட்டும், அதனால சட்டத்தைப் பிடிச்சு மேல் பக்கமா போய்ப் பாக்கணும். ஓட்டையை அடைச்சு அதுக்கப்புறம் ரெண்டு மழை பாத்துட்டு, சொட்டலன்னு தெரிஞ்ச பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறக்கணும். மழைல ஒழுகல் பாக்கறது, வெயில்ல பெயின்ட் அடிக்கறது. இந்த ஊருக்கு அதான் வரிசை.

இப்ப டைல் விஷயம். நீங்க சொல்ற பொடி ஓட்டை டைல் மினரல் ஃபைபர். ராக் வூல்ங்கற கல்லை உருக்கி இழுத்த பஞ்சு (ஆஸ்பெஸ்டாஸ் இல்ல), பெர்லைட்ங்கற பொரிஞ்ச எரிமலைக் கல், களிமண், பழைய காகிதக் கூழ், இதையெல்லாம் ஸ்டார்ச் போட்டுக் கட்டிப் பண்ணுவாங்க, ஸ்டார்ச்னா நம்ம கஞ்சிதான். அதனாலதான் தண்ணி பட்டா தொய்யுது, பூசணம் பிடிக்குது. மேல தட்டுனா மாவு மாதிரி உதிரும், ஒரு டைல் ஒன்னேகால் ஒன்றரைக் கிலோ இருக்கும். சமையல்கட்டுல இருக்கறது ஜிப்சம் போர்டு மேல பிவிசி ஒட்டினது, அது ரெண்டு ரெண்டரைக் கிலோ வரும், கனம் கைல தெரியும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

கழட்டாம கீழ இருந்து ரோலர் ஓட்டறதுல மூணு கேடு இருக்கு. பெயின்ட் டைலையும் டி-பாரையும் சேத்து ஒட்டிரும், அடுத்த வருஷம் ஒயர் பாக்கவோ ஒழுகல் பாக்கவோ டைலைத் தூக்கினா ஓரம் பிஞ்சு பிஞ்சு வரும். எங்க தெருவுல ஒரு வீட்ல அப்படி அடிச்சுட்டுப் போய் அவங்க எலக்ட்ரிக் வேலைக்குத் தூக்கினப்ப பாதி டைல் மூலை உடைஞ்சு போச்சு. ரெண்டாவது, டைல் நாலு ஓரத்துல மட்டும்தான் உக்காந்திருக்கு, நடுவுல பிடிப்பு இல்ல, அந்த நிலைமைல ஈரம் ஏத்துனா நடு தொங்கி அப்படியே காஞ்சிரும். மூணாவது, ரோலரை மேல பாத்து அழுத்தறப்ப டைல் எகிறும், திரும்ப உக்காரும்போது தூசி எல்லாம் ஈர பெயின்ட்ல விழும், எலிப்புழுக்கை உள்பட. அதனால கழட்டித்தான் அடிக்கணும். கழட்டும்போது ஒவ்வொரு டைல் பின்னாடியும் பென்சில்ல நம்பர் போட்டு ஒரு தாள்ல படம் வரைஞ்சு வச்சுக்கோங்க, ஓரத்து டைல் எல்லாம் சுவருக்குத் தகுந்த மாதிரி வெட்டினது, மாத்திப் போட்டா உக்காராது.

கறைக்கு மேல நேரா எமல்ஷன் அடிச்சா ஒரு வாரத்துல அதே வட்டம் மேல வந்து நிக்கும். நாலு கோட் அடிச்சாலும் வரும். காரணம் அந்தப் பழுப்பு தண்ணில கரையற சாயம், எமல்ஷன்ல இருக்கற தண்ணியே அதைக் கரைச்சு மேல இழுத்துட்டு வந்துரும். கறை மேல மட்டும், கறையை விட நாலு விரல் அதிகமா, ஆயில் பிரைமரோ ஷெல்லாக் பிரைமரோ ஒரு கை அடிச்சுக் காயவிட்டு, அப்புறம் மொத்தத்துக்கும் மேட் எமல்ஷன். ஆயில் பிரைமர் அடிக்கற இடத்துல ஜன்னல் திறந்திருக்கணும், சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் பக்கத்துல எரியக் கூடாது. கறுப்புப் பூசணம் பிடிச்ச டைல், தொட்டா பொதுபொதுன்னு இருக்கற டைல், தொங்கிப்போன டைல் இதுக்கெல்லாம் பெயின்ட் அடிக்காதீங்க, அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க.

பெயின்ட் எப்பவும் மேட்தான். பளபளப்பு வச்சா ஒவ்வொரு மேடு பள்ளமும் கண்ணுல குத்தும். ரோலரை முக்கி நல்லா வழிச்சு விட்டு, பாதி காஞ்ச மாதிரி ரோலர்ல மெல்லிசா ஒரு கோட், காஞ்ச பிறகு குறுக்க ஒரு கோட். ஓட்டையை அடைக்கற அளவுக்கு அப்பினா அந்த டைல் வாங்கின பலனே போச்சு, ஏன்னா சத்தத்தை உறிஞ்சறது அந்த ஓட்டைதான். ஸ்ப்ரே இருந்தா இன்னும் நல்லது, ஆனா பாதில கரண்டு போனா கன்ல பெயின்ட் காஞ்சு அடைச்சுக்கும், அதனால நான் நம்ம ஊர்ல ரோலரையே சொல்வேன்.

மந்தலேக்காரன்:

இன்சீன் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா பெயின்ட், டைல் ரெண்டுக்கும் முன்னாடி இன்னொண்ணு இருக்குங்க, தங்கச்சி தயவுசெஞ்சு இதைப் படிங்க. டைலைக் கழட்டி வச்ச பிறகு மேல தொங்கற கம்பியைப் பாருங்க.

2025 மார்ச் 28 நில நடுக்கம், 7.7 அளவு. சகாயிங் பிளவுன்னு நிலத்துல இருக்கற வெடிப்பு இங்க எங்க மந்தலே பக்கத்துலயேதான் ஓடுது. கட்டிடமே விழுந்த இடத்தைப் பத்தி எல்லாரும் பேசினாங்க, ஆனா கட்டிடம் நின்ன இடத்துல கூட சீலிங் நிக்கல. டைல் மட்டும் விழுந்திருந்தாப் பரவால்ல, டி-பார் சட்டம் சுவர்ல இருந்து நழுவி, லைட்டோட, மொத்தமா சரிஞ்சது. எங்க கடைல அதை நான் கண்ணால பாத்தேன். விழுந்ததைக் கிட்டப் போய்ப் பாத்தா ஒரே கதைதான்: சுவர் ஓரத்துல அடிச்ச எல் ஆங்கிள் ஒரு விரல் அகலம்தான், கட்டிடம் ஒரு பக்கம் சாஞ்சதும் டி-பார் முனை அதுல இருந்து வெளிய வந்துருச்சு, ஓரத்துக்குப் பக்கத்துல தொங்கு கம்பியும் இல்ல, பிடிக்க ஆளில்லாம கீழ வந்துருச்சு.

நில நடுக்கம் உள்ள ஊர்களுக்குன்னு அமெரிக்காக்காரன் ஏஎஸ்டிஎம் இ580ன்னு ஒரு விதி வச்சிருக்கான். அதுல முக்கியமானது மட்டும் சொல்றேன். அதிக அபாயம் உள்ள இடத்துல சுவர் ஆங்கிள் 2 இஞ்ச் அகலம் இருக்கணும். டி-பாரை ரெண்டு சுவர்ல மட்டும் இறுக்கணும், அதுக்கு எதிர்த்த ரெண்டு சுவர்ல முக்கால் இஞ்ச் இடைவெளி விட்டுச் சும்மா உக்கார வைக்கணும், அப்பத்தான் வீடு ஆடும்போது சட்டம் நசுங்காம நகரும். சுவர்ல இருந்து 8 இஞ்சுக்குள்ள ஒவ்வொரு டி-பார் முனைக்கும் ஒரு தொங்கு கம்பி. நடுவுல 4 அடிக்கு ஒண்ணு. கம்பி 12 கேஜ், சுமார் 2.6 மில்லி, கால்வனைஸ் பண்ணது. அதைச் சும்மா வளைச்சு மாட்டறது இல்ல, 3 இஞ்சுக்குள்ள இறுக்கமா மூணு சுத்து சுத்தணும். பாதி வீட்ல கட்டு கம்பியைத்தான் ஒரு சுத்து சுத்தி விட்டிருக்காங்க, இந்த ஈரத்துல அது துருப்பிடிச்சு நூலாயிருக்கும்.

தடுப்பை எடுத்துட்டேன்னு சொல்றீங்க. அந்தத் தடுப்பு மேல ரெண்டு பக்கத்து டி-பாரும் உக்காந்திருந்துச்சுன்னா இப்ப அந்த முனை எல்லாம் எதுல நிக்குது? அதை முதல்ல பாருங்க. அந்தப் பட்டைல டைல் வெட்டிப் போடறதுக்கு முன்னாடி அங்க புதுசா தொங்கு கம்பி வேணும், ரெண்டு பக்கச் சட்டத்தையும் குறுக்கு டி போட்டு இணைக்கணும்.

ஃபேனைப் பத்திக் கேட்டீங்க. ஃபேன் எந்தக் காலத்துலயும் சீலிங் சட்டத்துல தொங்கக் கூடாது, மேல கூரைச் சட்டத்துலயோ கான்கிரீட்லயோ கொக்கி போட்டுத்தான் தொங்கணும். ரெண்டுக்கு ரெண்டு எல்இடி பேனல் லைட் இருந்தா அதுக்கும் எதிர் எதிர் மூலைல ரெண்டு கம்பி தளர்வா மேல கட்டி விடுங்க. சட்டமே போனாலும் லைட் தலைல விழாது. நிச்சயதார்த்தத்துக்கு அத்தனை பேர் அந்த சீலிங் கீழதானே உக்காரப் போறாங்க.

தாம்வே பொண்ணு:

அண்ணே ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மந்தலே அண்ணன் சொன்னதைப் படிச்சதும் அப்பாவை ஏணில ஏத்திப் பாக்கச் சொன்னேன். நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு, தடுப்பு இருந்த பக்கத்துல டி-பார் முனை எல்லாம் அந்தரத்துல நிக்குது, பக்கத்துக் கம்பியோட பலத்துல தான் தொங்குது. அதுக்குக் கீழ இருந்த சோபாவை நகத்திட்டோம்.

டைல்ல இன்னொரு சந்தேகம். ஓரம் நேரா இல்ல, படிக்கட்டு மாதிரி ஒரு வெட்டு இருக்கு, அதனால டைல் முகம் டி-பாரை விடக் கொஞ்சம் கீழ இறங்கி நிக்குது. வெட்டினா அந்தப் படி போயிருமே, என்ன பண்றது?

மோல்மீன் அக்கா:

தங்கச்சி, நான் எங்க வீட்ல மாடி சீலிங் முழுக்க நானும் என் மகனுமா சேந்து வெட்டிப் போட்டோம், அதனால வெட்டற கதையை நான் சொல்றேன். எங்க ஊர் மழை உங்களுக்குத் தெரியும், வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல கொட்டும், சீலிங் டைல் மாத்தாத வீடே இங்க கிடையாது.

ரம்பம் வேணவே வேணாம். மினரல் ஃபைபருக்கு ரம்பம் போட்டா ஓரம் கொதறி, வீடு பூரா தூசி. பிளேடு கத்தி போதும், நகர்த்தி நகர்த்தி உடைக்கற பிளேடு இருக்கே அதுல பெரிய சைஸ். பிளேடு புதுசா இருக்கணும், இது முக்கியம், மொண்ணையானா டைலை அறுக்காது, பிச்சு எடுக்கும். மூணு நாலு டைலுக்கு ஒரு தடவை முனையை உடைச்சுருங்க. கைக்கு உறை போட்டுக்கோங்க, வெள்ளை டைல்ல கை அழுக்கு பட்டா போகாது. மாஸ்க்கும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம், வெட்டறப்ப மட்டும் இல்ல, மேல இருந்து டைலை இறக்கும்போதும்.

அளவு எடுக்கறதுலதான் எல்லாம் இருக்கு. ஒரு முனை 14 இன்னொரு முனை 13½ன்னு சொன்னீங்க, அதனால ஒரே அளவுல எல்லாத்தையும் வெட்டி அடுக்கிடாதீங்க. ஒவ்வொரு டைலுக்கும் ரெண்டு பக்கமும் தனித்தனியா அளக்கணும். டி-பாரோட நடுத்தண்டுல இருந்து எதிர்த்த தண்டு வரைக்கும், இல்ல சுவர் வரைக்கும் அளந்து, அதுல கால் இஞ்ச் கழிங்க. ரெண்டுக்கு ரெண்டுன்னு சொல்ற டைலே நிஜத்துல 595 மில்லிதான், 600 கட்டத்துக்குள்ள போட எடுக்க அந்த 5 மில்லி வேணும். இறுக்கமா வெட்டிட்டு அமுக்கித் திணிச்சா ஓரம் நொறுங்கும்.

டைலை முகம் மேல பாக்க வச்சு வெட்டணும். பின்பக்கம் இருந்து வெட்டினா முகத்துல பொக்கை விழும். கீழ ஒரு பழைய அட்டையோ உபயோகமில்லாத டைலோ வச்சுக்கோங்க. அளவை ரெண்டு ஓரத்துலயும் பென்சில்ல புள்ளி வச்சு, டி-பார் துண்டு ஒண்ணையே ஸ்கேலா வச்சு, முட்டியால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, முதல் தடவை லேசா முகத்தோல் மட்டும் கிழியற அளவுக்கு ஒரு கோடு, ரெண்டாவது அழுத்தி, மூணாவது அடி வரைக்கும். ஒரே இழுப்புல வெட்டணும்னு பலத்தைப் போட்டா கத்தி சாஞ்சு போயிரும், மேல நேரா இருக்கும் கீழ கோணலா இருக்கும். வெட்டற கோட்டுக்கு எந்தப் பக்கம் வேணுமோ அந்தப் பக்கம் ஸ்கேல் இருக்கணும், தப்பித்தவறி கத்தி வழுக்கினாலும் கழிவுத் துண்டுலதான் கீறும்.

இப்ப படி. முதல்ல டைலை மொத்த அகலத்துக்கு நேரா வெட்டிருங்க. சுவர் ஆங்கிள் துண்டு ஒண்ணை வெட்டின ஓரத்துக்கு மேல முகத்துல வச்சு அதோட அகலத்துக்குப் பென்சில் கோடு போடுங்க. அந்தக் கோட்டுல பழைய படி எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழம் மட்டும் கத்தியை இறக்குங்க, பிளேடை அந்த ஆழத்துக்கு மட்டும் வெளிய நீட்டி வச்சுக்கிட்டா தாண்டிப் போகாது. அப்புறம் டைலைப் பக்கவாட்டுல நிறுத்தி, ஓரத்துல இருந்து படுக்கை வாட்டமா கத்தியை உள்ள விட்டு அந்தக் கோட்டைத் தொடற வரைக்கும் சீவுங்க. நீளமா ஒரு குச்சி மாதிரி துண்டு தனியா வந்துரும். முதல் ரெண்டு மூணு கொஞ்சம் அப்படி இப்படி வரும், அதனால கறை பிடிச்சுத் தூக்கிப் போடப் போற டைல்லயே பழகிக்கோங்க, புதுசைத் தொடாதீங்க. வெட்டின ஓரம் சாம்பல் கலர்ல தெரியும், அதுக்குத்தான் பெயின்ட் இருக்கே, சின்ன பிரஷ்ல ஓரத்துக்கும் ஒரு தடவு தடவிட்டா தெரியாது, உதிரவும் உதிராது.

ஃபேன் டைலுக்கு: மெயினை ஆஃப் பண்ணிட்டு ஃபேன் மேல் கப்பைக் கீழ இறக்கி விட்டுட்டு, டைல் நடுவுல கம்பி நிக்கற இடத்தை ரெண்டு பக்கத்துல இருந்தும் அளந்து குறிச்சு, கம்பியை விட ஒரு இஞ்ச் பெருசா வட்டம் வெட்டுங்க. வட்டத்துல இருந்து ஒரு ஓரம் வரைக்கும் நேரா ஒரே ஒரு கீறல். அந்தக் கீறலை லேசா விரிச்சுக் கம்பியைச் சுத்தி நுழைச்சு உக்கார வச்சுட்டு, மேல் பக்கம் கீறலுக்குக் குறுக்க ஒரு டைல் துண்டைப் பசை போட்டு ஒட்டிருங்க. கப்பை ஏத்தினா வட்டம் மறைஞ்சுரும், கீறல் உத்துப் பாத்தாத்தான் தெரியும்.

சமையல்கட்டு பிவிசி டைலுக்குப் பெயின்ட் அடிக்காதீங்க தங்கச்சி. எண்ணெய்ப் புகை ஏறின பிளாஸ்டிக் மேல எமல்ஷன் நிக்காது, பாம்புச் சட்டை உரியற மாதிரி உரியும். சோப்புத் தண்ணில நல்லா துடைச்சாலே பாதிப் புதுசாயிரும். அதை வெட்டணும்னா முகத்துப் பிவிசியைக் கத்தில அறுத்துட்டு, பின்பக்கமா மடக்கினா ஜிப்சம் நேரா உடையும், பின்னாடி தாளை அறுத்துருங்க, அவ்வளவுதான்.

மந்தலேக்காரன்:

அக்கா சொன்ன படி வெட்டற முறை அருமை. நான் இதை எங்க பையன்களுக்குக் காட்டப் போறேன்.

பசுண்டாங் வாசி:

எனக்கு ஒரு மாறுபட்ட அபிப்பிராயம். இத்தனை வேலை பாக்கறதுக்கு மொத்த டைலையும் புதுசா மாத்திரலாமே. பெயின்ட் அடிச்ச டைல் அந்தப் பழைய மாதிரி சத்தத்தைக் குறைக்காது, கம்பெனியும் அதுக்கு உத்தரவாதம் தராது, நெருப்பு தாங்கற தரமும் பெயின்டைப் பொறுத்து மாறும். பெயின்ட், பிரைமர், ரோலர் எல்லாம் கணக்குப் போட்டா அப்படி ஒண்ணும் மிச்சம் ஆகாது.

இன்சீன் பெயின்டர்:

பசுண்டாங் தம்பி, நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. பாதிக்கு மேல டைல் கெட்டுப் போச்சுன்னா நானும் மாத்தத்தான் சொல்வேன். ஆனா ஒரு விஷயம், இப்ப டைல் எல்லாம் வெளியூர்ச் சரக்கு, ஒரு மாசம் வர்ற மாடல் அடுத்த மாசம் வராது, வந்தா விலை வேற. நல்லா இருக்கற டைலைக் குப்பைல போட்டுட்டு பாதிக்கு ஒரு மாடல் மீதிக்கு ஒரு மாடல்னு நிக்கறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். நாலஞ்சு டைல்தான் கறைன்னா, மீதி எல்லாம் மஞ்சள் மட்டும்தான்னா, பெயின்ட் போதும். புதுசா வாங்கற டைல் பெட்டில எழுதியிருக்கற ஆர்ஹெச் நம்பரை மட்டும் பாத்து வாங்குங்க, அது ஈரம் தாங்கற அளவு. நம்ம மழைக்காலத்துக்கு 95க்குக் குறைஞ்சு எடுக்காதீங்க.

சத்தம் விஷயத்துல தம்பி சொன்னது உண்மை. இந்த டைலுக்கு சத்தம் உறிஞ்சற அளவுன்னு 0.55, 0.60ன்னு பெட்டில போட்டிருப்பான், 1ன்னா முழுசா உறிஞ்சுதுன்னு அர்த்தம். கெட்டியா ரோலர் ஓட்டினா அது இறங்கும். அதனாலதான் மெல்லிசா ரெண்டே கோட்டுன்னு சொன்னேன். மேல தகரம் இருக்கற வீட்ல இது சின்ன விஷயம் இல்ல, மழை தகரத்துல அடிக்கற சத்தத்தைக் கொஞ்சமாவது குறைக்கறது அந்த டைல்தான். இன்னும் கொஞ்சம் செலவு பண்ண முடிஞ்சா, கழட்டினது கழட்டியாச்சு, டைல் மேல கிளாஸ் வூல் (கண்ணாடி நார்ப் பஞ்சு) பரப்பிட்டா சத்தமும் குறையும் ஏப்ரல் வெக்கையும் குறையும். லைட்டு மேல மட்டும் மூடாதீங்க, சூடு வெளிய போகணும். சட்டம் கனம் தாங்குமான்னு மந்தலே தம்பி சொன்ன கம்பி வேலையை முடிச்ச பிறகு பாத்துக்கோங்க.

அடர் நீலம் பத்தி உங்க தம்பி கேட்டிருந்தான். சொல்லிருங்கம்மா, வேணாம்னு. நல்ல வெள்ளை டைல் மேல படற வெளிச்சத்துல நூத்துக்கு 80 பங்குக்கு மேல திருப்பிக் கீழ அனுப்பும். அடர் நீலம் அதுல பெரும்பங்கை விழுங்கிரும். கரண்டு இருக்கும்போது தெரியாது, கரண்டு போய் பேட்டரில ஒரு சின்ன எல்இடி போட்டு உக்காந்திருப்போம் பாருங்க, அப்பத் தெரியும் வித்தியாசம், வெள்ளைச் சீலிங் இருந்தா அந்த ஒரு பல்புலயே படிக்கலாம். நீலம் வேணும்னா ஒரு சுவருக்கு அடிச்சுக்கட்டும்.

டி-பாருக்கும் அடிக்கணும்னா டைல் கழட்டி இருக்கும்போதே அடிங்க. சோப்புத் தண்ணில துடைச்சு, 320 நம்பர் சாண்ட் பேப்பர்ல லேசா தேச்சு, துரு இருக்கற இடத்துல மெட்டல் பிரைமர் வச்சு, சின்ன ஃபோம் ரோலர்ல வெள்ளை எனாமல். எனாமலைத் தொட்டா ஒட்டாத அளவுக்கு நல்லா காஞ்ச பிறகுதான் டைலை ஏத்தணும்.

மோல்மீன் அக்கா:

ஒரு எச்சரிக்கை சேத்துக்கறேன், இந்தப் பக்கத்தைப் பின்னாடி யாராச்சும் படிச்சா உதவும். தங்கச்சியோடது இந்தக் காலத்து மினரல் ஃபைபர் டைல், அதுல பயம் இல்ல. ஆனா பழைய வீடுகள்ல, அப்பா தாத்தா காலத்துல போட்ட சீலிங்ல, சாம்பல் கலர்ல கெட்டியா தகடு தகடா ஆணி அடிச்சு போட்டிருப்பாங்க, அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருக்கலாம். அதை வெட்டவோ, துளை போடவோ, சாண்ட் பேப்பர் தேய்க்கவோ கூடாது. அதோட தூள் நுரையீரல் புற்றுநோய், மீசோதெலியோமா ரெண்டையும் கொண்டு வரும், ஆஸ்பெஸ்டாஸ்ல எல்லா வகையும் புற்றுநோய் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. உடனே தெரியாது, இருபது முப்பது வருஷம் கழிச்சுத்தான் காட்டும். உடையாம இருந்தா அப்படியே விட்டு, தேய்க்காம மேல பெயின்ட் மட்டும் அடிச்சு மூடிருங்க. எது என்னன்னு சந்தேகமா இருந்தா ஆஸ்பெஸ்டாஸ்னே வச்சுக்கோங்க.

தாம்வே பொண்ணு:

அக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. சயாகிட்ட பேசியாச்சு, கீழ இருந்து ரோலர் ஓட்ட வேணாம், கம்பி வேலையை மட்டும் நீங்க செஞ்சு குடுங்கன்னு அப்பா சொல்லிட்டாங்க. 12 கேஜ் கம்பி, மூணு சுத்து, ஓரத்துல 8 இஞ்சுக்குள்ள ஒண்ணுன்னு தாள்ல எழுதிக் கைல குடுத்தோம். சுவர் ஆங்கிள் 2 இஞ்ச் கிடைக்குதான்னு பாத்துட்டு இருக்கோம். நேத்து மழைல டைலைத் தூக்கிப் பாத்ததுல ஒழுகற ஆணியும் தெரிஞ்சிருச்சு, கறை வந்த இடத்துல இருந்து நல்லா தள்ளி மேல இருக்கு, அண்ணன் சொன்ன மாதிரி சட்டத்தோடவே ஓடி வந்திருக்கு. கெட்ட டைல் ஒண்ணுல படி வெட்டிப் பாத்தேன், வருது.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. பெயின்ட் அடிச்ச டைலை எங்க வச்சுக் காய வைக்கறது, எவ்வளவு நேரம்? மொட்டை மாடில வெயில்ல வைக்கலாமா?

இன்சீன் பெயின்டர்:

நேர் வெயில் வேணாம்மா, முகம் சீக்கிரம் காஞ்சு பின்னாடி ஈரம் நின்னா டைல் வளையும். வீட்டுக்குள்ளயே தரைல ரெண்டு ரெண்டு ரீப்பர் கட்டை போட்டு அதுமேல படுக்க வச்சு, அடிலயும் காத்து போற மாதிரி விடுங்க. ஃபேன் ஓடினா நல்லது. சுவத்துல சாச்சு நிறுத்தாதீங்க, தொங்கிரும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல அரை நாள் விடுங்க, ரெண்டாவது கோட்டுக்கப்புறம் ஒரு ராத்திரி முழுக்க விட்டுட்டு மறுநாள் ஏத்துங்க. மழை ஈரம் இருக்கற நாளா இருந்தா இன்னும் ஒரு நாள் சேத்துக்கோங்க. ஏத்தும்போது பாதி பாதியா அடிச்சு ஏத்துங்க, மொத்தத்தையும் கழட்டினா வீட்ல வைக்க இடம் இருக்காது. ஒரே டப்பா பத்தாதுன்னா ரெண்டு டப்பாவையும் பெரிய வாளில ஒண்ணா ஊத்திக் கலக்கிட்டு ஆரம்பிங்க, வெள்ளையிலயும் டப்பாவுக்கு டப்பா வித்தியாசம் இருக்கு. மிச்சம் ஒரு டம்ளர் பெயின்டை இறுக்க மூடி எடுத்து வைங்க, ஏத்தும்போது எங்கயாச்சும் கை பட்டுக் கீறல் விழுந்தா தொட்டு வைக்க ஆகும்.